கட்டாத பூக்கள்

அந்தத் தெருவில் அவளுக்கு முடிச்சக்கா என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அதை அவள் கணவனே மறந்துபோய்விட்டான் என்று தெருவில் கேலி பேசுவார்கள். பூக்கட்டுவதால் வந்த பட்டம் அது. பூக்கட்டுகிறவள் என்றதும் மாலை தொடுக்கிறவள் என்று நினைத்துவிட வேண்டாம். கொடியில் இருக்கும் பூவை, கொடியில் இருக்கும்போதே, வாயைக் குவித்துப் பிடித்து வெள்ளை நூலால் கட்டிவிடுகிறவள் அவள். தேனீ உள்ளே நுழையக் கூடாது என்பதற்காக.

வீட்டுக்குப் பின்னால் இருந்த துண்டு நிலத்தில் பூசணி போட்டு, காயை விற்காமல் விதையை மட்டும் விற்றாள். அவளுடைய பூசணி தனி ரகம். சாம்பல் பூத்த பச்சைத் தோல், ஆழமான வரிகள், அடியில் பூ உதிர்ந்த இடத்தில் நட்சத்திரம் மாதிரி ஒரு தழும்பு. வெட்டினால் பச்சையாகவே ஒரு துண்டை வாயில் போட்டுக்கொள்ளலாம், அவ்வளவு இனிப்பு. கல்யாணமாகி வந்த புதிதில் சந்தையில் வாங்கிய ஒரே ஒரு காயிலிருந்து, வருடா வருடம் நல்லதை மட்டும் பொறுக்கி, கெட்டதைக் கழித்து, அவளே தேற்றி எடுத்த ரகம். அந்த வட்டாரத்தில் வேலியோரம் கொடி விடுகிற எவரும் விதைக்கடைப் பக்கம் போகமாட்டார்கள். முடிச்சக்கா விதை என்றால் கண்ணை மூடிக்கொண்டு போடலாம் என்று ஒரு பேச்சு இருந்தது. அந்தப் பேச்சுதான் அவளுடைய சொத்து.

அதோடு ஒரு வீம்பும் உண்டு. புது விதை காய்ந்து பொட்டலம் கட்டிய அன்றைக்கே, மிச்சமிருக்கும் பழைய விதை அத்தனையையும் உப்புத் தண்ணீர் தெளித்து வறுத்துவிடுவாள். பழசைக் கலந்து விற்கிறாள் என்று ஒருத்தர் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது. ஒரு பிடியாவது எடுத்து வையேன் என்று கணவன் சொல்லிப் பார்த்திருக்கிறான். ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவன், ஸ்டெப்னி இல்லாமல் வண்டியை எடுக்காதவன். அவன் பேச்சு எடுபடவில்லை.

எல்லாம் சரி, பூவை ஏன் கட்ட வேண்டும்? வம்பு அடுத்த வீட்டில் இருந்தது. அங்கே இருந்த தபால்காரர் வேலி முழுக்க அழகுப் பூசணி விட்டிருந்தார். கைக்கு அடக்கமான காய், மஞ்சளும் பச்சையுமாகப் பட்டை போட்டது, ஜன்னலில் வைத்துப் பார்க்கத்தான் லாயக்கு. நாக்கில் பட்டால் எட்டிக்காயாய்க் கசக்கும். சாப்பிட்டால் வயிற்றைப் புரட்டும். அதைப் பிடுங்கிவிடுங்களேன் என்று முடிச்சக்கா எத்தனையோ தடவை கேட்டுவிட்டாள். ஊர்க் கடிதமெல்லாம் சுமக்கிறவனுக்கு வீட்டுக்கு வந்தால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக ஏதாவது வேண்டாமா என்று அவர் சிரிப்பார்.

தேனீக்கு இந்த வேலி, அந்த வேலி என்ற பாகுபாடு கிடையாது. அது வருவது தேனுக்கு. பூவின் அடியில் ஒரு சொட்டு இனிப்பு இருக்கிறது, அதைக் குடிக்க உள்ளே இறங்குகிறது. ஆண்பூவில் இறங்கினால் மஞ்சள் தூள் உடம்பெல்லாம் ஒட்டிக்கொள்கிறது; அடுத்து இறங்குவது பெண்பூவாக இருந்தால் அங்கே கொஞ்சம் உதிர்கிறது, பிஞ்சு பிடிக்கிறது. காய் காய்க்க வைக்கலாம் என்று எந்தத் தேனீயும் கூட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. பூவும் லேசுப்பட்டதில்லை. இருந்த இடத்தைவிட்டு அசையாமல், நிறத்தைக் காட்டி, வாசனையைக் காட்டி, ஒரு சொட்டுத் தேனைக் கூலியாக வைத்துத் தன் காரியத்தைச் சாதித்துக்கொள்கிறது. தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்துச் செம்பருத்திக்குத் தேன்சிட்டு வருவதும் இதற்குத்தான். எல்லாம் வயிற்றுப்பாடு, இதில் யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்பாள் முடிச்சக்கா. அப்படிச் சொல்லிக்கொண்டே துண்டை வீசித் தேனீயை விரட்டுவாள்.

விரட்டுவதற்குக் காரணம் இருந்தது. தபால்காரர் வேலியிலிருந்து வரும் தேனீ அந்தக் கசப்புப் பூசணியின் தூளைக் கொண்டுவந்து அவள் பூவில் கொட்டிவிட்டால், அந்த வருடம் ஒன்றும் தெரியாது. காய் அதே சாம்பல் பச்சை, அதே வரி, அதே இனிப்பு. கெடுவது உள்ளே இருக்கும் விதை. அதை அடுத்த வருடம் போட்டு, கொடி ஓடி, காய் பிடித்த பிறகுதான் வண்டவாளம் வெளியே வரும்.

ஆகவே பூக்கும் காலத்தில் சாயங்காலமானால் நூல்கண்டுகளோடு கொடிக்குள் இறங்கிவிடுவாள். மறுநாள் விரியப் போகும் மொட்டு நுனியில் மஞ்சள் கண்டிருக்கும். ஆணிலும் பெண்ணிலும் அப்படிப்பட்டதாகப் பார்த்து வெள்ளை நூலால் வாயைக் கட்டுவாள். விடிகிற நேரத்தில், தேனீ எழுந்திருக்கும் முன்னால், ஆண்பூவைக் கிள்ளி இதழை உரித்து, அதன் தூளைப் பெண்பூவின் நடுவில் தன் கையாலேயே தடவி, மறுபடி கட்டுவாள். அந்தப் பூவின் காம்பில் அடையாளத்துக்குச் சிவப்பு நூல். சிவப்பு நூல் கட்டிய காயில்தான் விதை எடுப்பாள். மற்றதெல்லாம் தேனீக்கும் சமையலுக்கும்.

ஒரு வருடம், மொட்டுகள் நுனியில் மஞ்சள் காணத் தொடங்கிய அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல் கண்டுவிட்டது. சாதாரணக் காய்ச்சல் இல்லை. எழுந்து உட்கார்ந்தால் சுவர் சுற்றியது. உடம்பைவிடப் பூவை நினைத்துத்தான் அவள் அதிகம் புலம்பினாள். கணவன் விடியும் முன்பே பஸ்ஸை எடுக்கப் போகிறவன். அதுவும் ஸ்டியரிங் பிடித்த விரலுக்குப் பூ கிழிந்துவிடும். அப்போதுதான் தங்கச்சி வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

தங்கச்சி நான்கு தெரு தள்ளி இருந்தாள். ஆஸ்பத்திரித் துணி வெளுக்கும் சலவைக்கூடத்தில் வேலை. அம்மா போனபோது அவள் நடக்கக்கூடப் பழகவில்லை. இடுப்பில் தூக்கிச் சுமந்து வளர்த்தவள் முடிச்சக்காதான். பூக்கட்டும் வேலை அவளுக்கும் தெரியும், விளையாட்டாகச் செய்திருக்கிறாள்.

"நீ படு அக்கா. நான் இருக்கேன்ல," என்றாள்.

அந்த ஒரு வார்த்தைக்கு முடிச்சக்காவுக்குப் பாதிக் காய்ச்சல் இறங்கியது. அன்றிலிருந்து தங்கச்சி சாயங்காலம் தவறாமல் வந்து, தோட்டத்துக்குப் போய், கை கழுவிக்கொண்டு வந்து, எல்லாம் கட்டியாச்சு என்பாள். விடியற்காலை வந்ததும் போனதும் படுத்திருப்பவளுக்கு எங்கே தெரியப் போகிறது? தான் கண் அயர்ந்திருப்பதைப் பார்த்துத் தங்கச்சி எழுப்பாமல் போயிருப்பாள் என்று நினைத்துக்கொண்டாள். உடம்பு தேறி, சுவரைப் பிடித்துக்கொண்டு தோட்டத்துக்கு வந்தபோது பூக்காலமே முடிந்திருந்தது. இலைகளுக்கு நடுவே பிஞ்சுகள், பிஞ்சுகளின் காம்பில் சிவப்பு நூல். எத்தனை சிவப்பு நூல்! பார்த்ததும் அழுதுவிட்டாள். அன்றைக்கே, அம்மாவுடைய தோட்டைத் தன் காதிலிருந்து கழற்றித் தங்கச்சிக்குப் போட்டுவிட்டாள். அவள் வேண்டாம் வேண்டாம் என்றாள். அக்கா விடவில்லை.

காய் முற்றியது, விதை எடுத்துக் காயவைத்தார்கள். பொட்டலம் கட்டிய நாளில் வழக்கம்போலப் பழைய விதை அடுப்புக்குப் போனது. இந்தத் தடவை வழக்கத்தைவிட அதிகம் மிச்சமிருந்தது. வாணலியில் விதை படபடவென்று வெடிக்க, அக்காளும் தங்கையும் அடுப்படியில் காலை நீட்டி உட்கார்ந்து, விதைத் தோலைப் பல்லால் உடைத்துத் துப்பியபடி சிறு வயதுக் கதையெல்லாம் பேசினார்கள். கணவன் வந்து ஒரு பிடி அள்ளிக்கொண்டு, ஸ்டெப்னியை வறுத்துத் தின்கிற குடும்பம் உலகத்திலேயே இது ஒன்றுதான் என்றான். மூன்று பேரும் சிரித்தார்கள். வாணலி காலியானது. புது விதையின் முதல் பொட்டலம் எப்போதும்போலத் தங்கச்சிக்கு. அதை அவள் முந்தானையில் முடிந்துகொண்டு போனாள்.

அடுத்த வருடம் அடுத்த தெரு நர்ஸம்மாதான் முதலில் வந்தாள். சண்டை போடவில்லை. ஒரு காயைப் பையிலிருந்து எடுத்து வாசலில் வைத்தாள். கோணல் கழுத்து, தோலில் மஞ்சள் பட்டை. சமைத்து ஒரு வாய் வைத்ததும் பையன் வாந்தி எடுத்துவிட்டான், இப்போது பரவாயில்லை, மற்றவர்களுக்குச் சொல்லிவிடுங்கள் என்றாள். முடிச்சக்கா ஒரு துளி கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்தாள். அந்தக் கசப்பு நாள் முழுக்க வாயைவிட்டுப் போகவில்லை.

ஓடிப்போய்த் தன் தோட்டத்தைப் பார்த்தாள். அதுவரை இலைக்கடியில் பிஞ்சாகக் கிடந்தவை இப்போது முகம் காட்டத் தொடங்கியிருந்தன. ஒன்று நீளம், ஒன்று குட்டை, ஒன்று வரியே இல்லாதது. தன் ரகம்போல இருந்த ஒன்றிரண்டையும் அறுத்து நாக்கில் வைத்தாள்; அவையும் கசந்தன. இந்த வருடம் அவள் கையால் பார்த்துப் பார்த்துக் கட்டிய பூவெல்லாம் கெட்டதோடு கெட்டதைச் சேர்த்துக் கட்டியதுதான் என்று ஆயிற்று. திரும்பப் போட ஒரு நல்ல விதை கிடையாது. அதைத்தான் உப்புப் போட்டு வறுத்துத் தின்றாகிவிட்டதே.

தங்கச்சி ஓடி வந்தாள். அக்காவின் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். எப்படி ஆச்சு, எப்படி ஆச்சு என்று அக்கா புலம்பிக்கொண்டே இருக்க, தங்கச்சி சொன்னாள்.

"உனக்கு ஞாபகமில்லையா அக்கா? காய்ச்சலோட ஒருநாள் நீயே எழுந்து வந்து கட்டினியே. நான் வேண்டாம்னு சொல்லச் சொல்லக் கேக்கலை. நல்ல பூவா பார்த்து நீதான் கட்டினே. கை நடுங்குச்சு. அந்த முடிச்சுதான் தளர்ந்திருக்கும், அந்த விதைதான் எல்லாத்தோடயும் கலந்திருக்கும்."

முடிச்சக்காவுக்கு ஞாபகமில்லை. ஆனால் அந்தக் காய்ச்சலில் அவளுக்கு எதுதான் ஞாபகம்? கணவனை அப்பா என்று கூப்பிட்டாளாமே, அதுகூட ஞாபகமில்லைதான். சரி, நான்தான் என்று ஒப்புக்கொண்டாள். என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன் என்று கணவனிடம் சொன்னாள். தங்கச்சியைப் பார்த்து, உன் உழைப்பையும் சேர்த்துக் கெடுத்துவிட்டேனே என்று மன்னிப்பும் கேட்டாள். தங்கச்சி குனிந்து அவள் கையைத் தடவிக்கொடுத்தாள்.

மறுநாளிலிருந்து முடிச்சக்கா ஒரு அரிவாளோடு வீடு வீடாகப் போனாள். யார் யாருக்கு விதை கொடுத்தோம் என்பது அவளுக்கு மனப்பாடம். காய்ச்சலில் தப்பாகக் கட்டிவிட்டேன், காய் கசக்கும், யாரும் சாப்பிட வேண்டாம், நானே பிடுங்கித் தருகிறேன் என்று ஒவ்வொரு வாசலிலும் சொன்னாள். சிலர் உட்காரச் சொல்லித் தேநீர் கொடுத்தார்கள். சிலர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். தையல்காரர் ஒருவர், விடுங்கம்மா, தேனீ உங்களை ஏமாத்திடுச்சு என்று ஆறுதல் சொன்னார். ஒரு கிழவர் மட்டும், இனிமேல் கடை விதைதான் என்று அவள் முகத்துக்கு நேராகவே சொன்னார். அவளுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது.

தங்கச்சி வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். அவளுக்குப் பூசணி என்றால் உயிர். ஆசை ஆசையாக வளர்த்த கொடியை அவள் கண் முன்னால் எப்படிப் பிடுங்குவது என்ற தயக்கம். அவள் வேலைக்குப் போயிருக்கும் நேரமாகப் பார்த்துப் பின்பக்கமாக நுழைந்தாள்.

குளியலறைத் தகரக் கூரை மேலே கொடி படர்ந்திருந்தது. காய்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒன்றுபோல உருண்டை, எல்லாம் ஒரே நிறம், ஒன்றில்கூடக் கோணல் இல்லை. முடிச்சக்காவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இவள் பொட்டலத்தில் மட்டும் நல்ல விதை வந்து விழுந்திருக்கிறது! ரகம் பிழைத்துக்கொண்டது! வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் ஏறி நின்று, ஒரு காயைத் தொட்டுத் திருப்பினாள்.

தோல் வழவழவென்று இருந்தது. வரியே இல்லை. அடியில் நட்சத்திரம் இல்லை. அது அவளுடைய பூசணியே இல்லை. விதைக்கடை வாசலில் படம் போட்டுத் தொங்கும் சாதாரண ரகம்.

வாளியிலிருந்து இறங்கி அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். வெயில் சாயும்வரை அங்கேயே இருந்தாள். வேலை முடிந்து வந்து பின்கதவைத் திறந்த தங்கச்சி, அக்காவைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். காதில் அம்மாவின் தோடு.

பொட்டலத்தை எலி தின்றுவிட்டது, அதனால்தான் கடையில் வாங்கிப் போட்டேன் என்று அவசரமாகச் சொன்னாள். முடிச்சக்கா தலையை ஆட்டினாள். எலி தின்றிருந்தால் நீ இன்னொரு பொட்டலத்துக்கு என் வாசலில் அல்லவா வந்து நின்றிருப்பாய் என்று, குரலை உயர்த்தாமல் கேட்டாள். தங்கச்சி சுவரோரம் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினாள். விடியற்காலையில் முதல் நாளே எழுந்திருக்க முடியவில்லை. இரண்டாம் நாளும் தூங்கிவிட்டாள். அப்புறம் ஒரு பூவைக்கூடக் கட்டவில்லை. சாயங்காலம் வந்து, தேனீ வந்துபோய்த் தானாகப் பிடித்த பிஞ்சாகப் பார்த்துச் சிவப்பு நூலை மட்டும் கட்டிவிட்டுப் போனாள்.

"எப்படியும் தேனீ செய்யற வேலைதானே அக்கா. நீ கையால தடவுறதை அது காலால தடவுது. என்ன பெரிய வித்தியாசம் வந்துடப் போகுதுன்னு நெனைச்சேன்."

"வித்தியாசம் இல்லேன்னு நெனைச்சவ, என் விதையை ஏன் போடலை?"

தங்கச்சி கூரை மேலிருந்த காய்களைப் பார்த்தாள்.

"நான் எழுந்து வந்து கட்டினேன்னு சொன்னியே. அது?"

"நீ எழுந்திருக்கவே இல்லை அக்கா."

முடிச்சக்கா எழுந்து அரிவாளை எடுத்தாள். வீடு வீடாகப் போய்த் தன் வாயால் சொன்ன பொய்கள் எல்லாம் அவள் முன்னால் வந்து நின்றன. நர்ஸம்மா வீட்டுப் பையன் நினைவுக்கு வந்தான். ஆனால் அவள் கேட்டது அதையெல்லாம் பற்றியில்லை.

"பழசை வறுத்தோமே, அன்னைக்கு உனக்குத் தெரியும்."

"தெரியும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அடுப்பை அணைச்சிருப்பேனே. ஒரு பிடி மிஞ்சியிருந்தாக்கூடப் போதுமே."

"நீ சிரிச்சுக்கிட்டு இருந்தே. எப்படிச் சொல்றதுன்னு தெரியலை."

"நீயும்தானே தின்னே," என்றாள் முடிச்சக்கா. "என் பக்கத்துல உக்காந்து, என்னோட சேர்ந்து தின்னியே."

தங்கச்சி அழுதுகொண்டே தோட்டைக் கழற்றி நீட்டினாள். முடிச்சக்கா அதை வாங்கவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. பின்கதவு வழியாகவே போய்விட்டாள். கடை விதைக் கொடியை அவள் தொடவில்லை. அதில் பிடுங்க வேண்டியது ஒன்றும் இல்லை.

வீட்டுக்கு வந்து தன் தோட்டத்தில் மிச்சமிருந்த கொடிகளை வேரோடு இழுத்துப் போட்டாள். ஊரில் யாரிடமும் போய்த் தங்கச்சியைக் காட்டிக்கொடுக்கவில்லை. பாசத்தால் என்று சொல்ல முடியாது. சொன்னால் தன் வாயில் அந்தக் கசப்பு இன்னொரு தடவை ஏறும் என்று இருந்தது. கணவனிடம் மட்டும் சொன்னாள். அவன் அன்றைக்கு வேடிக்கையாக ஒன்றும் பேசவில்லை.

மறுநாள் விடுமுறை. காலையில் அவன் வெறும் நிலத்தைப் பார்த்தபடி நின்றான். வேலிக்கு அப்பால் தபால்காரரின் அழகுப் பூசணி பூத்துக் குலுங்கியது, தேனீக்கள் ஒரு பூவுக்குள் இறங்கி மஞ்சளாக வெளியே வந்து அடுத்த பூவுக்குப் போய்க்கொண்டிருந்தன. ஒன்று வேலியைத் தாண்டி இந்தப் பக்கம் வந்து, பூ எங்கே என்று தேடுவதுபோல வட்டமடித்தது. இதுகளால்தானே எல்லாம் என்று அவனுக்குக் கோபம் வந்தது. துண்டை எடுத்து ஓங்கினான்.

"விடுங்க அதை," என்றாள் முடிச்சக்கா படியில் உட்கார்ந்தபடி. "நான் இருக்கேன்னு அது எங்கிட்ட சொல்லவே இல்லையே."

அவன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டான். தேனீ இன்னொரு சுற்றுச் சுற்றிவிட்டு, ஒன்றும் கிடைக்காமல் வேலிக்கு அந்தப் பக்கம் போனது.